சங்கரநாராயணனின் பலகை

அர்விந்துக்கு லினக்ஸ் தெரியாது. தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பாதி வினை அங்கேயே தீர்ந்திருக்கும். அவன் சொல்லவில்லை. தில்லி நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் நாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன், தெரியாது என்று எப்படிச் சொல்லுவான்? விண்டோஸை அழிப்பது, திரும்பப் போடுவது, கேட்கிற கேள்விக்கெல்லாம் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அமுக்கிக்கொண்டே போவது, இதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தைரியத்தில்தான் அத்திம்பேரின் கம்ப்யூட்டரில் கை வைத்தான்.

அத்திம்பேர் சங்கரநாராயணன் ஓர் அமைச்சகத்தின் கணினிப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். ஐம்பது வயதை இன்னும் தொடவில்லை. முதலில் நடக்கும்போது காலிலிருந்து செருப்பு கழன்று கழன்று விழுந்தது. 'நல்ல செருப்பா வாங்கித் தொலைக்கக் கூடாதா' என்று அவர் மனைவி, அர்விந்தின் அக்கா வைதேஹி கோபித்துக்கொண்டாள். பிறகு கையிலிருந்து பேனா விழுந்தது. பிறகு நாக்கு குழறியது. நரம்பு செத்துக்கொண்டே போகிற நோய், மருந்து கிடையாது என்று டாக்டர்கள் சொன்னபோது, பழைய செருப்புகளையெல்லாம் வைதேஹி எடுத்துத் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்தாள். இப்போது மயூர் விஹார் ஃப்ளாட்டின் முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். உடம்பு முழுக்க அடங்கிவிட்டது. கண்ணையும் இமையையும் விட்டால், அவர் சொன்னதைக் கேட்பது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதுவும் சும்மா இருக்கும்போதெல்லாம் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

தலைக்குள் மட்டும் ஒரு குறையும் இல்லை. காது கேட்கும். கண் தெரியும். எல்லாம் புரியும். இந்த நோயின் கொடுமையே அதுதான் என்று அர்விந்த் நினைப்பதுண்டு. கொஞ்சம் மனசாட்சியுள்ள வியாதியாக இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

இரண்டு கை விரல்களும் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்த நாட்களிலேயே சங்கரநாராயணன் தனக்கு வரப்போவதைக் கணக்குப் போட்டுவிட்டார். விண்டோஸை விட்டு, ஆபீஸில் பழகிய லினக்ஸில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு புரோகிராம் எழுதினார். அதற்குப் 'பலகை' என்று பேர் வைத்தார். திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் அவற்றின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வெளிச்சம் வரும்போது விரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா துடிக்கிற துடிப்பைப் பலகை கண்டுகொள்ளாது. அழுத்தி ஒரு நொடி நிறுத்தினால்தான் எழுத்து விழும். விரல் துடிக்கிறதா, பேசுகிறதா என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது, பலகைக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து முடித்தால் ஸ்பீக்கர் அதை உரக்கப் படிக்கும். கம்ப்யூட்டருக்கான கட்டளையை அடித்தால் கம்ப்யூட்டர் அதை அப்படியே நிறைவேற்றும். ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் தமிழ் படிக்கிற மாதிரி இருக்கும் அந்தக் குரல். வைதேஹிக்கும் அர்விந்துக்கும் பழகிவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது.

இதையெல்லாம் ஒரு பேக்கேஜாகக் கட்டி, ஒரு சிடியிலும் போட்டு வைத்திருந்தார். பேக்கேஜ் என்றால் லினக்ஸில் ஒரு புரோகிராமும் அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களும் சேர்ந்த ஒரு மூட்டை. ஆனால் எந்த மூட்டையும் தனியாக வாழாது. இது இருக்க வேண்டுமானால் அது வேண்டும், அது இருக்க வேண்டுமானால் இன்னொன்று வேண்டும் என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு கையை விடுவித்தால் எல்லாம் சேர்ந்து சரியும். சங்கரநாராயணனுக்கு அது தெரியும். அர்விந்துக்குத் தெரியாது.

மே மாதம் பிறந்ததிலிருந்து சங்கரநாராயணனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மார்பு ஏறி இறங்குவதற்கே பாடுபட்டது. பகலிலும் கண் செருகியது. வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் பாட்டியா, ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வைதேஹியையும் அர்விந்தையும் கட்டில் அருகே கூப்பிட்டார். மறைத்துப் பேசுகிற மனிதர் இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்தே இந்தியில் சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மூச்சு விடும் மெஷினோடு இணைக்கலாம். வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம்; கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

"ஏக் பார் லகா தியா, தோ ஹம் ஹட்டா நஹீன் சக்தே," என்றார். ஒரு தடவை வைத்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. எடுக்கச் சொல்லி எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். "அதனால் இவர் வாயால் பதில் கேட்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் ரத்தத்தில் கெட்ட காற்று ஏறி இவருக்கே நிதானம் இருக்காது."

அன்றைக்கு வைதேஹி டாக்டரை வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் போயிருந்தாள். சங்கரநாராயணன் விரலை அழுத்த ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாக விழுந்து, ஜலதோஷக் குரல் பேசியது.

"குழாய் வேண்டாம். டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"அத்திம்பேர், அக்காகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தான் அர்விந்த். வெளிச்சம் மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை ரொம்ப நேரம் பிடித்தது.

"நல்ல இங்கிலீஷ் குரல் ஒண்ணு போடு. பாட்டியாவுக்கு இது புரியாது. வைதேஹிதான் மொழிபெயர்ப்பா. என்ன மொழிபெயர்ப்பான்னு எனக்குத் தெரியும்."

போட்டுவிடுகிறேன் அத்திம்பேர் என்றான் அர்விந்த். நாக்கில் சனி என்பது இதுதான்.

சனிக்கிழமை காலையில் முனிர்காவிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தான். வெளியே அனல் காற்று. முன்னறையில் கூலர் இரைந்துகொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில், அவர் கண்ணுக்கு நேராக, மேஜைமேல் கம்ப்யூட்டர். இணையத்தில் தேடி நல்ல ஆண்குரல் ஒன்றின் பேக்கேஜை பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். அது எந்த லினக்ஸுக்கானது, எந்த வருஷத்தது என்றெல்லாம் பார்க்கவில்லை. குரல் நன்றாக இருந்தது, எடுத்துவந்துவிட்டான்.

கம்ப்யூட்டர் முதலிலேயே மறுத்தது. இந்தக் குரலை நிறுவ முடியாது, இதற்கு இன்னொரு புதிய பேக்கேஜ் வேண்டும் என்றது. அதைத் தேடி இறக்கினான். அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. அதையும் இறக்கினால், ஏற்கெனவே இருக்கிற பழையதோடு இது ஒத்துப்போகாது என்றது. ஒத்துப்போகாது என்று யாராவது சொன்னால் நின்று யோசிப்பது மனித இயல்பு. அர்விந்த் ஒரு இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு புண்ணியவான், கட்டளையோடு 'ஃபோர்ஸ்' என்று சேர்த்து அடி, வாயை மூடிக்கொண்டு உள்ளே போகும் என்று எழுதியிருந்தான். அடித்தான். போயிற்று.

உள்ளே போன குரல், ஒலிக்கான பழைய மூட்டையைத் தள்ளிவிட்டுத் தன் மூட்டையை வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவை ஒவ்வொன்றாகத் தள்ளாடின. பேக்கேஜ்கள் உடைந்திருக்கின்றன என்று திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. சரிசெய்யும் கட்டளையை அடித்தான். கம்ப்யூட்டர் நீளமாக ஒரு பட்டியலைக் காட்டி, இவற்றையெல்லாம் நீக்கினால்தான் சரியாகும், தொடரட்டுமா என்று கேட்டது. ஆம் என்றால் Y, வேண்டாம் என்றால் N.

கட்டிலிலிருந்து பொத்தான் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று விடாமல். விரல் துடிக்கிறது என்று நினைத்தான் அர்விந்த். அவன் வேலை செய்வதற்காகப் பலகையை மூடி வைத்திருந்தான். அந்தப் பொத்தான் சொன்னதைக் கேட்க அப்போது எதுவும் இல்லை. சங்கரநாராயணன் பட்டியலைப் படித்துவிட்டார். அர்விந்த் படிக்கவில்லை. நாலு வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய் Y-யை அமுக்கியது.

படபடவென்று வரிகள் ஓடின. மறைகின்ற பேர்களுக்கு நடுவே 'பலகை' என்ற பேரும் ஓடியது. பிறகு ஜன்னல்கள், படங்கள், கடிகாரம் எல்லாம் அணைந்து, கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் மினுக்கியது.

அர்விந்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒண்ணும் இல்ல அத்திம்பேர், ஜஸ்ட் டூ மினிட்ஸ்," என்றான். திரும்பிப் பார்க்கும் துணிச்சல் வரவில்லை.

இரண்டு நிமிஷமாவது. மத்தியானம் வரைக்கும் அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டினான். நிறுவச் சொன்னால், முதலில் பாதியில் நிற்கும் அந்தக் குரலை முடி என்றது. முடிக்கச் சொன்னால், அதற்கு வேண்டியது இல்லை என்றது. சரி, குரலை நீக்கு என்றால், அது பாதியில் நிற்கிறது, ஆகையால் நீக்கவும் முடியாது என்றது. ஆபீஸ் ஃபைல் கூட இப்படிச் சுற்றியிருக்காது. வைதேஹி சாதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிக் காய்ந்தது. கட்டிலில் மூச்சு, ஏறுவதற்கு ஒருமுறை யோசித்து, இறங்குவதற்கு ஒருமுறை யோசித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அர்விந்த் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காரியம் செய்தான். திரையில் வந்த பிழைச் செய்தியை மேலிருந்து கீழ்வரைக்கும், ஒரு சொல் விடாமல் படித்தான். வழி அதிலேயே எழுதியிருந்தது. பாதியில் நிற்கும் அந்த ஒற்றைக் குரலை மட்டும், அதன் நிலையைப் பொருட்படுத்தாமல் பிடுங்கி எறி. பிறகு மற்றவற்றைப் பழையபடி சேர். அப்படியே செய்தான். தொண்டையில் சிக்கிய முள்ளை எடுத்த மாதிரி எல்லாம் இளகியது. அத்திம்பேரின் சிடியைப் போட்டான். கம்ப்யூட்டர் சமத்தாக, போன பேக்கேஜ்கள் அத்தனையையும் வரிசையாகக் காட்டி, இவற்றைத் திரும்ப நிறுவுகிறேன் என்றது. பட்டியலின் நடுவில் பலகை இருந்தது. தொடரட்டுமா? Y அல்லது N.

புதுக் குரல் போனால் போகட்டும். பலகை வந்தால் எழுத்தாவது திரையில் விழும். பாட்டியா இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்தானே.

"அர்விந்த்," என்று சமையலறை வாசலிலிருந்து கூப்பிட்டாள் வைதேஹி. "கொஞ்சம் இங்க வாயேன்."

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"சரியாயிடுத்தா?"

"ஆயிடுத்துக்கா. ஒரே ஒரு ஒய் அடிக்கணும். அவ்வளவுதான்."

"அடிச்சுட்டியா?"

"இல்ல, நீ கூப்பிட்டே..."

"அடிக்காதே."

அர்விந்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாதது போல நின்றான்.

"அவர் என்ன சொல்லப்போறார்னு நோக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லாதே. ஒன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியறது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "டாக்டர் முன்னாடி அவர் அதைச் சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுதுடா. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த ஆத்துல ஒரே ஆள் சமைச்சு, ஒரே ஆள் சாப்ட்டு, எதிர்ல அந்தக் கட்டில் காலியா... என்னால முடியாது அர்விந்த்."

"அக்கா, அது அவரோட..."

"அவரோடதுதான். மூச்சு அவரோடது, கஷ்டம் அவரோடது, எல்லாம் அவரோடது. அப்போ என்னோடது என்ன? வேலைய விட்டேன். ராத்திரி பகல்னு பார்க்காம அவரைப் புரட்டிப் போடறேன். நான் எப்பவாவது முடியலைன்னு சொல்லியிருக்கேனா? பேசாட்டாலும் பரவாயில்லடா. மூச்சு இருந்தா போதும் நேக்கு."

அவள் அழுதிருந்தால் அர்விந்துக்கு எதிர்த்துப் பேச முடிந்திருக்கும். அவள் அழவில்லை. பாலை டம்ளரில் ஊற்றி ஆற்றினாள். அம்மா போன பிறகு அவனைப் பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி அனுப்பியது இந்தக் கைதான். முகத்தில் அறைந்த மாதிரி அது ஞாபகம் வந்தது. தனக்கென்று ஒன்று கேட்கிறாளே என்று தோன்றிய அதே நிமிஷத்தில், அத்திம்பேர் வேறு யாரைக் கேட்பார் என்றும் தோன்றியது. இரண்டும் நிஜம். இரண்டையும் ஒரே விரலால் அமுக்க முடியாது.

"ரிப்பேர்னு சொல்லிடு," என்றாள். "நாளைக்கு வேணும்னா சரி பண்ணிக்கோ. நான் வேண்டாம்னு சொல்லலையே."

முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அத்திம்பேர் தூங்கியிருப்பார் என்று ஒரு நப்பாசை. நாள் முழுக்கக் கண் செருகிச் செருகித்தானே படுத்திருந்தார். அர்விந்த் N-ஐ அமுக்கினான். 'அபார்ட்', கைவிட்டாயிற்று, என்று ஒற்றைச் சொல் கீழே வந்தது. அவ்வளவுதான், வெள்ளைக் கோடு பழையபடி மினுக்கியது.

திரும்பினான். சங்கரநாராயணனின் கண்கள் அகலத் திறந்திருந்தன. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குப் பட்டியல் தெரிந்தது, கேள்வி தெரிந்தது, பதிலும் தெரிந்தது. தில்லியில் எத்தனையோ பேரை ஏமாற்றலாம். இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்த ஒரு மனிதரை மட்டும் ஏமாற்ற முடியாது. அது அர்விந்துக்கு நினைவில்லாமல் போயிற்று.

"சரி ஆகலை அத்திம்பேர்," என்றான், வாய்க்கு வந்ததை. "நாளைக்குப் பார்க்கறேன்."

கண்கள் திரையை விட்டு அவன் முகத்துக்கு வந்தன. அங்கேயே நின்றன.

சொன்னபடி பாட்டியா வந்தார். கம்ப்யூட்டர் கெட்டுப்போன கதையைக் கேட்டு, "அரே யார், ஆஜ் ஹீ?" என்று, இன்றைக்கென்று பார்த்தா என அலுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, நோயாளியின் முகத்துக்கு நேராக நிதானமாகக் கேட்டார். குழாய் வேண்டுமென்றால் ஒரு தடவை கண்ணை மூடுங்கள். வேண்டாமென்றால் இரண்டு தடவை.

சங்கரநாராயணன் கண்ணை மூடினார். திறந்தார். திறந்த கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மறுபடி மூடினார். தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. இமை ஒருமுறை துடித்தது. பிறகு திறக்கவில்லை.

"யே க்யா ஹுவா? ஏக், யா தோ?" ஒன்றா, இரண்டா என்று புரியாமல் பாட்டியா நிமிர்ந்தார்.

"ஏக்," என்றாள் வைதேஹி உடனே. "ஹான் போலா, சரின்னுட்டார். கண்ணு கரிக்கும் டாக்டர் சாப் அவருக்கு, தண்ணி வரும். அதான் அப்புறம் மூடிண்டார்." பாதி இந்தி, பாதி தமிழ். பாட்டியாவுக்கு விளங்காத பாதியை அவள் கை சொன்னது.

பாட்டியா அர்விந்தைப் பார்த்தார். "ஆப்னே க்யா தேகா?" நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

அர்விந்த் பார்த்தது இரண்டு. சந்தேகமே இல்லாத இரண்டு. அக்காவின் முகத்தைப் பார்த்தான். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளின் முகம், ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"ஏக்," என்றான்.

தொண்டையில் துளை போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டில் பக்கத்தில் அந்த மெஷின் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் அளவுக்கு நின்றுகொண்டு, உஸ் என்று காற்றைத் தள்ளியது, புஸ் என்று விட்டது. கரண்ட் போனால் என்ன ஆகுமோ என்று பெரிய இன்வர்ட்டர் ஒன்று வாங்கிப் பால்கனியில் வைத்திருந்தாள் வைதேஹி. அவருக்கு முகம் தெளிந்திருந்தது. பகலில் கண் செருகவில்லை. மூச்சுக்காகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. பாட்டியா வந்து பார்த்து, பஹுத் அச்சா என்றார்.

"பார்த்தியா?" என்றாள் வைதேஹி. "எப்படி இருக்கார் பாரு. நம்ம ரெண்டு பேரும் பண்ணினது தப்பே இல்லடா." அவள் இளைத்துப் பாதியாகிவிட்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். "இப்போ அந்தப் பலகையப் போட்டுக் குடுத்துடு. அவர் பேசி எவ்வளவு நாளாச்சு. என்னைத் திட்டட்டும். வாயார திட்டட்டும், கேட்டுக்கறேன்."

அர்விந்த் சிடியைப் போட்டு, அதே கட்டளையை அடித்தான். அதே பட்டியல் வந்தது. அதே கேள்வி வந்தது. Y-யை அமுக்கினான். அவள் கொடுத்த காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அமுக்கியிருந்தாலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். பலகை திரையில் வந்து, வெளிச்சம் எழுத்துகளின் மேல் நகர ஆரம்பித்தது. வைதேஹி சங்கரநாராயணனின் விரலைத் துடைத்து, பொத்தானின் மேல் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்கோ," என்றாள்.

சற்று நேரம் வெளிச்சம் சும்மா நகர்ந்தது. பிறகு பொத்தான் ஆழமாக அமுங்கியது.

"எஸ்," என்று படித்தாள் வைதேஹி. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குதூகலம். "யூ. எஸ்... யூ... சு. சுடச்சுட ஏதாவது வேணுமா? இருங்கோ இருங்கோ, டி. சுட். சுடறதா? எங்க சுடறது, முதுகிலயா? அர்விந்த், அந்தப் பக்கம் கொஞ்சம் புரட்டு."

"இரு அக்கா," என்றான் அர்விந்த். அடுத்து விழுந்தது ஓ. அந்த நாலாவது எழுத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இது தமிழ் இல்லை. மனிதர்களிடம் பேசுகிற எந்தப் பேச்சும் இல்லை. அவர் கம்ப்யூட்டரோடு பேசுகிறார். இயந்திரத்தின் எஜமானனாக நின்று கட்டளை போடுவதற்கான முதல் சொல் அது.

"இது என்னடா வார்த்தை, ஒண்ணும் புரியலையே," என்றாள். ஆனாலும் விடாமல் படித்தாள். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவசரம் இல்லை. உஸ் என்ற மூச்சுக்கும் புஸ் என்ற மூச்சுக்கும் நடுவே விரல் பொறுமையாக வெளிச்சத்துக்குக் காத்திருந்து, பிடித்து, விட்டது. "ஆர். ஈ. எம். ஓ. வி. ஈ. ரிமூவ்! ரிமூவ்ங்கறார் அர்விந்த். எதை எடுக்கணும்? தலகாணியையா? கூலர் காத்து ஜாஸ்தியா இருக்கா? சொல்லுங்கோ, எதை?"

எழுந்து போய்த் தடுத்துவிடலாம் என்று அர்விந்துக்குத் தோன்றியது. ஒரு ஒயரைப் பிடுங்கினால் போதும். ஆனால் அந்த மனிதரின் கையை ஏற்கெனவே ஒரு தடவை தடுத்தாயிற்று. இன்னொரு தடவை தடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"பி. ஏ. எல்." வைதேஹி முகம் மலர்ந்தது. "பல்! பல்லு வலிக்கறதா? பாவம், ஆஸ்பத்திரியில யாரும் சரியாத் தேச்சுவிடலை. இல்ல, இன்னும் வரது. ஏ. ஜி. ஏ. ஐ. பலகை. பலகையா?"

திரையில் கேள்வி வந்தது. இந்தப் பேக்கேஜ் நீக்கப்படும், தொடரட்டுமா? வெளிச்சம் மேல் வரிசையிலிருந்து கீழே வந்தது, கடைசி வரிசைக்குப் போனது. விரல் அழுத்திப் பிடித்தது.

"ஒய்," என்றாள் வைதேஹி. "யெஸ்ஸுங்கறாரா? எதுக்குடா யெஸ்?"

எழுத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் மறைந்தன. வெறும் நீலத் திரை நின்றது.

"ஐயையோ, மறுபடி கெட்டுப் போச்சா? போடுடா திரும்ப. ஜல்தி போடு, அவர் ஏதோ சொல்ல வந்தார்."

"கெட்டுப்போகலைக்கா. அவர்தான் எடுத்துட்டார்."

"யாரு?"

"அத்திம்பேர்தான். அவரேதான் எடுத்துட்டார். நான் திரும்பப் போட்டாலும் மறுபடி எடுத்துடுவார். அவருக்கு நம்மகிட்ட பேச இஷ்டமில்லை."

வைதேஹி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தண்ணீர் இல்லை. மார்பு மட்டும் மெஷின் சொன்னபடி ஏறி இறங்கியது. அவள் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருடைய விரலைத் தன் விரலுக்குள் வைத்து, பொத்தானின் மேல் அமுக்கினாள். டக் என்றது. மறுபடி அமுக்கினாள்.

"திட்டுங்கோ," என்றாள். "ஒரு வார்த்தை திட்டுங்கோ, ஏன்னா."

அர்விந்த் அவள் கையைப் பிடித்து எடுக்கப் போனான். அவள் விடவில்லை. அவருடைய விரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாள்.